கையால் செய்த பேட்டரி சார்ஜர் மக்கர் பண்ணினால்: அறிகுறி பார்த்துப் பழுது பிடிக்கும் வழி

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையைக் கடந்தது. எங்கள் ஊர் அது போன வழியில் இருந்தது. தென்னை விழுந்தது, மின்கம்பம் விழுந்தது, வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. பெரியப்பாவிடம் ஒரு பழைய ஐபாட் உண்டு, பாட்டு கேட்கும் சின்ன பிளேயர். அவர் மகன் விட்டுப்போனது. அது நிறைய நாகஸ்வரக் கச்சேரிகள். மூன்றாம் நாள் ராத்திரி அது அணைந்துபோனது. "தம்பி, டார்ச்சுக்குப் போடுற கட்டையில இதுக்கு உயிர் கொடுக்க முடியாதா?" என்று கேட்டார்.

முடியும். ஆனால் அன்றைக்கு நான் செய்த சார்ஜர் மூன்று தடவை தோற்று நாலாம் தடவைதான் வேலை செய்தது. அதற்கப்புறம் இந்தச் சுற்றுவட்டாரத்தில் பலருக்குச் செய்து கொடுத்திருக்கிறேன், பலர் செய்ததைப் பிரித்தும் பார்த்திருக்கிறேன். பழுதுகள் பெரும்பாலும் அதே ஏழெட்டுதான். அவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கடையில் பவர் பேங்க் கிடைக்கும்போது இது எதற்கு என்று கேட்பார்கள். சின்ன எம்பி3 பிளேயர் நிரம்பும் கட்டத்தில் இழுக்கும் கரண்ட் மிகக் குறைவு. பல பவர் பேங்குகள் அதைக் கவனிக்காமல், எதுவும் மாட்டவில்லை என்று நினைத்துத் தானாக அணைந்துவிடும். நாம் செய்யும் சார்ஜருக்கு அந்தப் பழக்கம் கிடையாது. கரண்ட் இல்லாத நாளில் பெட்டிக்கடையில் கிடைக்கும் செல்லைப் போட்டே ஓட்டலாம்.

நான் பேசப்போவது இரண்டு வகை. முதல் வகை, பென்சில் செல் இரண்டோ மூன்றோ போட்டு, எம்டி3608 ஐ.சி. உள்ள சின்ன பூஸ்ட் போர்டால் 5 வோல்ட்டுக்கு ஏற்றுவது. இரண்டாவது, 9 வோல்ட் சதுர பேட்டரி அல்லது பைக், டிராக்டரின் 12 வோல்ட் பேட்டரியிலிருந்து 7805 ஐ.சி. போட்டு 5 வோல்ட்டுக்கு இறக்குவது.

பழுது பார்க்க உட்காரும் முன்

ஒரு மல்டிமீட்டர் வேண்டும், விலை குறைந்தது போதும். அதோடு 10 ஓம், 5 வாட் சிமெண்ட் ரெசிஸ்டர் ஒன்று. தஞ்சாவூரிலோ கும்பகோணத்திலோ எலெக்ட்ரானிக்ஸ் ஸ்பேர் கடையில் கேட்டால் வெள்ளைச் செங்கல் துண்டு மாதிரி ஒன்றைத் தருவார்கள். இதுதான் நமக்குப் பொய் பிளேயர். 5 வோல்ட்டில் மாட்டினால் சரியாக அரை ஆம்பியர் இழுக்கும். கொஞ்ச நேரத்தில் சூடேறும், அதனால் மேஜைத் துணியில் வைக்காதீர்கள்.

இந்த ரெசிஸ்டரை நான் இவ்வளவு வலியுறுத்தக் காரணம் இருக்கிறது. சுமை, அதாவது கரண்ட் இழுக்கும் பொருள், இல்லாமல் எடுத்த வோல்டேஜ் எதையுமே சொல்லாது. உயிர் போன செல்கூட மீட்டரில் 1.4 காட்டும். "அஞ்சு வோல்ட் வருதே, அப்புறம் ஏன் ஏறல?" என்று என்னிடம் வந்தவர்களில் பெரும்பாலோர் வெறும் மீட்டரை மட்டும் வைத்துப் பார்த்தவர்கள்தான். கீழே நான் எங்கெல்லாம் வோல்டேஜ் பார்க்கச் சொல்கிறேனோ, அங்கெல்லாம் ரெசிஸ்டர் மாட்டிய நிலையில்தான் பார்க்க வேண்டும். எங்கே வெறுமனே பார்க்கலாம் என்பதைத் தனியாகச் சொல்கிறேன்.

வோல்டேஜ் 5க்கு மேல் நிற்கிறது

இதை முதலில் சொல்லிவிடுகிறேன், மற்ற பழுதில் சார்ஜ் ஏறாது, இதில் பிளேயரே போய்விடும். யுஎஸ்பிக்கு 4.75 முதல் 5.25 வரை சரி. அதற்கு மேல் காட்டினால் பிளேயரைப் பக்கத்திலேயே கொண்டுவராதீர்கள்.

பூஸ்ட் போர்டில் பித்தளைத் திருகு வைத்த நீலப் பெட்டி ஒன்று இருக்கும். கடையிலிருந்து வரும்போது அது எந்த அளவில் நிற்கும் என்று சொல்ல முடியாது. எதையும் மாட்டாமல், மீட்டரை மட்டும் வைத்து, திருகை இடப்பக்கமாகத் திருப்புங்கள். முதல் பத்துப் பதினைந்து சுற்றுக்கு ஒன்றுமே மாறாது. போர்டு கெட்டுவிட்டது என்று நிறுத்திவிடாதீர்கள். இன்னும் சில சுற்றில் இறங்க ஆரம்பிக்கும். 5.1இல் நிறுத்தி, திருகின் தலையில் ஒரு சொட்டு நகப்பூச்சு வையுங்கள். பையில் ஆடினாலும் நகராது.

இன்னொன்று. பூஸ்ட் போர்டு ஏற்றத்தான் செய்யும், இறக்காது. உள்ளே வரும் வோல்டேஜ் 5க்கு மேல் இருந்தால் அது காயில், டயோடு வழியாக அப்படியே வெளியே வந்துவிடும். 9 வோல்ட் சதுர பேட்டரியை இதில் மாட்டினால் எட்டரை வோல்ட்டுக்கு மேல் பிளேயருக்குள் போகும். நாலு புதுச் சாதாரண செல் போட்டாலும் 6 வோல்ட்டுக்கு மேல். இந்தப் போர்டுக்கு மூன்று செல்தான் அளவு. இரண்டு செல் போட்டால் ஓடும், ஆனால் திணறும். ஏன் என்பது கீழே.

7805இல் 5க்கு மேல் வந்தால் ஐ.சி.யின் நடுக்காலுக்கு கிரவுண்ட் (மைனஸ் இணைப்பு) சரியாகச் சேரவில்லை என்று அர்த்தம். ஈயம் வைத்த இடத்தைப் பாருங்கள். அங்கே சரியாக இருந்தும் அதிகம் வந்தால் ஐ.சி. உள்ளே ஷார்ட் ஆகியிருக்கும். மாற்றிவிடுங்கள்.

ஒன்றுமே வரவில்லை

முதலில் செல் திசை. அப்புறம் ஸ்விட்ச். அப்புறம் செல் ஹோல்டரின் ஸ்பிரிங், செல்லைத் தொடுகிறதா என்று விரலால் அழுத்திப் பாருங்கள். பாதிப் பழுது இங்கேயே தீர்ந்துவிடும்.

7805இன் கால்கள் இடம் மாறியிருக்கலாம். எழுத்து நம்மைப் பார்த்து இருக்கும்படி பிடித்தால் இடமிருந்து வலமாக உள்ளே வருவது, கிரவுண்ட், வெளியே போவது. முதுகுப் பக்கத்துத் தகடும் கிரவுண்டுதான்.

யுஎஸ்பி வயரின் நிறத்தை நம்பாதீர்கள். சிவப்பு பிளஸ், கறுப்பு மைனஸ், வெள்ளையும் பச்சையும் டேட்டா என்பது முறை. ஆனால் விலை குறைந்த கேபிள்களில் உள்ளே நிறம் மாறி இருந்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அப்படி ஒரு கேபிளை நம்பித்தான் என்னுடைய சொந்த பிளேயரை இழந்தேன். மீட்டரைக் கண்டினியூட்டியில் (இணைப்பு இருந்தால் சத்தம் போடும் நிலை) வைத்து, எந்த வயர் எந்த முனைக்குப் போகிறது என்று பார்த்த பிறகே ஈயம் வையுங்கள்.

செல்லை ஒரு தடவை தலைகீழாகப் போட்டிருந்தால் பூஸ்ட் போர்டு போயிருக்க வாய்ப்பு அதிகம். அதற்குத் திருப்பிப் போடுவதைத் தாங்கும் பாதுகாப்பு கிடையாது. அடுத்த போர்டுக்கு முன்னால் 1என்5819 டயோடு ஒன்றைப் போடுங்கள், அது கரண்டை ஒரே திசையில்தான் விடும். 1என்4007 வேண்டாம், அது 0.7 வோல்ட்டைத் தின்றுவிடும். முதலாவது அதில் பாதிதான் எடுக்கும். மூன்று செல் ஓட்டத்தில் அந்த வித்தியாசம் பெரியது.

மீட்டரில் 5, மாட்டினால் 3

அதிகம் வருவது இந்தப் பழுதுதான். பெரியப்பாவின் சார்ஜரும் இப்படித்தான் மூன்று தடவை தோற்றது.

முதலில் கணக்கைப் பாருங்கள். 5 வோல்ட்டில் அரை ஆம்பியர் என்றால் இரண்டரை வாட். அதை 2.4 வோல்ட், அதாவது இரண்டு ரீசார்ஜ் செல்லிலிருந்து எடுக்க வேண்டும். போர்டிலும் கொஞ்சம் வீணாகும். ஆகவே செல்லிலிருந்து 1.3 ஆம்பியர் போல இழுக்கும். பிளேயர் கேட்பது அரை, செல் கொடுப்பது ஒன்றே கால். செல் களைத்து வோல்டேஜ் இறங்கினால் போர்டு சும்மா இருக்காது; அதே இரண்டரை வாட்டைக் கொடுப்பதற்காக இன்னும் அதிக ஆம்பியர் இழுக்கும். அதனால் வோல்டேஜ் இன்னும் இறங்கும். 2 வோல்ட்டுக்குக் கீழே போனதும் போர்டு படுத்துவிடும். மெல்லக் குறையாமல் சட்டென்று விழுவதற்கு இதுதான் காரணம். மூன்று செல் போட்டால் இழுப்பு 0.8 ஆம்பியருக்கு வந்துவிடும், விழுவதற்கு இடமும் நிறைய இருக்கும்.

இப்போது எங்கே விழுகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். சிமெண்ட் ரெசிஸ்டரை வெளிப்பக்கம் மாட்டி, ஓடவிட்டு, நாலு இடத்தில் அளவெடுங்கள். செல்லின் உலோக முனையிலேயே ஒன்று. போர்டுக்குள் நுழையும் இடத்தில் ஒன்று. போர்டிலிருந்து வெளியேறும் இடத்தில் ஒன்று. கேபிளின் கடைசியில் ஒன்று.

பெரியப்பாவின் சார்ஜரில் செல் முனையில் 3.5 இருந்தது. போர்டு நுழைவில் 2.9. நடுவில் இருந்தது பழைய டார்ச்சிலிருந்து எடுத்த ஹோல்டரும் ஒரு ஸ்விட்சும் மட்டுமே. 0.6 வோல்ட் அங்கே தொலைந்துகொண்டிருந்தது. மீட்டரின் ஒரு முனையை ஸ்பிரிங்கின் அடியிலும் மற்றொன்றை அதன் தலையிலும் வைத்தேன். ஸ்பிரிங் மட்டுமே 0.4 தின்றது. துரு ஏறிய மெல்லிய கம்பி அது. ஸ்பிரிங்கின் தலைக்கும் அடிக்கும் நடுவே ஒரு செம்பு வயர்த் துண்டை வைத்து ஈயம் பிடித்தேன். ஸ்பிரிங் அழுத்துவதோடு நிற்க, கரண்ட் செம்பு வழியாகப் போனது. மீட்டரில் 0.05க்குக் கீழே வந்துவிட்டது. அன்று ராத்திரிதான் ஐபாடின் திரையில் மின்னல் குறி முதல் தடவை நிலைத்து நின்றது.

செல் முனையிலேயே வோல்டேஜ் குறைவாக இருந்தால் ஒவ்வொரு செல்லையும் தனித்தனியாக, ஓடும்போதே பாருங்கள். நல்ல ரீசார்ஜ் செல் 1.2 பக்கம் நிற்கும். மூன்றில் ஒன்று 0.7 காட்டினால் அதுதான் திருடன். புதுசும் பழசும் கலந்து போட்டால் இது நடக்கும். பலவீனமான செல் முதலில் காலியாகி, மற்ற இரண்டும் அதைத் தலைகீழாகத் தள்ளத் தொடங்கும். அதன் அளவு மைனஸில்கூடப் போகும். அந்தச் செல் அதற்குப் பிறகு தேறாது.

சிவப்பு நிற சாதாரண துத்தநாக செல் இந்த வேலைக்குத் தாங்காது. சுவர்க் கடிகாரத்துக்கும் ரிமோட்டுக்கும்தான் அது. அவசரத்துக்கு வேறு எதுவும் கிடைக்காவிட்டால் பெரிய டார்ச் கட்டை மூன்று போடுங்கள். அதே சரக்குதான், ஆனால் உடம்பு பெரியது, இழுப்பைத் தாங்கும்.

போர்டு வெளியே 5.1, கேபிள் கடைசியில் 4.6 என்றால் கேபிள் மெல்லியது. 28 கேஜ் வயர் ஒரு மீட்டர் நீளத்துக்குச் சுமார் 0.2 ஓம், போகவர இரட்டிப்பு. அரை ஆம்பியருக்கு ஒரு மீட்டரில் 0.2 வோல்ட் போய்விடும். கேபிளை ஒரு சாண் நீளத்துக்கு வெட்டிக்கொள்ளுங்கள்.

7805 வகையில் இதே அறிகுறிக்குக் காரணம் வேறு. அந்த ஐ.சி. உள்ளே வருவதில் 2 வோல்ட்டைத் தனக்கென்று எடுத்துக்கொள்ளும். வெளியே 5 வேண்டுமானால் உள்ளே குறைந்தது 7 வேண்டும். 9 வோல்ட் சதுர பேட்டரி அரை ஆம்பியருக்கு முன்னால் சீக்கிரமே 7க்குக் கீழே வந்துவிடும். எமர்ஜென்சி விளக்கிலிருந்து 6 வோல்ட், 4.5 ஆம்பியர் மணி பேட்டரியைக் கழற்றி 7805இல் மாட்டியவர்கள் பலர். முழுக்கச் சார்ஜ் ஆனாலும் அது 6.4தான். வெளியே நாலரை வரும், பிளேயர் ஏறாது. அந்த பேட்டரிதான் கையில் இருக்கிறது என்றால் 7805ஐ எடுத்துவிட்டு எல்எம்2940 வகை 5 வோல்ட் ஐ.சி. போடுங்கள். 5க்கு மேல் அரை வோல்ட் இருந்தாலே அது ஓடும். வெளிப்பக்கம் 22 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் கட்டாயம், இல்லாவிட்டால் வோல்டேஜ் நடுங்கும்.

5 வோல்ட் உறுதியாக நிற்கிறது, பிளேயர் கண்டுகொள்ளவில்லை

ரெசிஸ்டர் மாட்டினாலும் 5 அசையவில்லை. பிளேயரை மாட்டினால் மின்னல் குறி வரவில்லை, அல்லது இந்தத் துணைக்கருவி வழியாகச் சார்ஜ் ஆகாது என்ற பொருளில் ஒரு வாசகம் வருகிறது. உங்கள் சார்ஜரில் பழுது இல்லை. பிளேயர் கேட்ட கேள்விக்கு அது பதில் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

யுஎஸ்பியில் நாலு வயர். இரண்டு கரண்டுக்கு, இரண்டு டேட்டாவுக்கு. பிளேயரை எதில் மாட்டினாலும் அது முதலில் டேட்டா வயர் இரண்டையும் பார்த்து, எதிரே இருப்பது கம்ப்யூட்டரா சார்ஜரா என்று கேட்கும். கம்ப்யூட்டர் என்றால் 100 மில்லியாம்பியரில் தொடங்கி, அனுமதி வந்த பிறகுதான் 500 எடுக்கும். சார்ஜர் என்றால் நேரடியாக எடுக்கும். நாம் அந்த இரண்டு வயரையும் சும்மா விட்டுவிட்டால் எதிரே யாருமே இல்லை என்று அது முடிவு செய்துவிடும்.

சாதாரண எம்பி3 பிளேயர்கள் பலவற்றுக்கு டேட்டா வயர் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து ஈயம் வைத்தால் போதும். வெள்ளையும் பச்சையும் ஒன்றாகச் சேர்ந்திருந்தால் இது சார்ஜர் என்பது பொது வழக்கு.

ஐபாடுக்கு அது போதாது. அது இரண்டு வயரிலும் 2 வோல்ட் இருக்கிறதா என்று பார்க்கும். இரண்டிலும் 2 வோல்ட் என்றால் அரை ஆம்பியர் எடுத்துக்கொள்ளலாம் என்று அர்த்தம். செய்வது எளிது. 5 வோல்ட்டிலிருந்து 33 கிலோ ஓம், அங்கிருந்து கிரவுண்டுக்கு 22 கிலோ ஓம். இரண்டும் சேரும் இடத்தில் சரியாக 2 வோல்ட் வரும். வெள்ளை வயருக்கு ஒரு ஜோடி, பச்சைக்கு ஒரு ஜோடி. 22 கிடைக்கவில்லை என்றால் 47ம் 33ம் போடலாம், 2.06 வரும், அதுவும் சரி. நாலு ரெசிஸ்டர், சில ரூபாய் சமாச்சாரம்.

திருகைத் திருப்பும்போது பார்த்ததுபோல இந்த இடத்திலும் வோல்டேஜை வெறுமனே, பிளேயர் இல்லாமல் பாருங்கள். இரண்டு வயரிலும் 2 வோல்ட் பக்கம் இருக்க வேண்டும். 5 காட்டினால் கீழ் ரெசிஸ்டர் விட்டுப்போயிருக்கிறது. 0 காட்டினால் மேல் ரெசிஸ்டர். 3 காட்டினால் இரண்டையும் இடம் மாற்றி வைத்துவிட்டீர்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் ஏறவில்லையென்றால் கேபிளைச் சந்தேகப்படுங்கள். வெறும் கரண்ட் வயர் இரண்டை மட்டும் வைத்து, டேட்டா வயரே இல்லாமல் செய்த கேபிள்கள் நிறைய விற்கின்றன. வெளியே பார்த்தால் தெரியாது. அதே கேபிளில் கம்ப்யூட்டரில் மாட்டினால் பாட்டு ஏற்ற முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் டேட்டா வயர் இருக்கிறது.

இரண்டு வகை பிளேயரும் வீட்டில் இருந்தால் ஒரு சின்ன ஸ்லைடு ஸ்விட்ச் வைத்துக்கொள்ளுங்கள்: ஒரு பக்கம் சேர்ந்த வயர், மறுபக்கம் ரெசிஸ்டர்.

ஏறுகிறது, நிற்கிறது, மறுபடி ஏறுகிறது

மின்னல் குறி சில விநாடிக்கு ஒரு தடவை வந்து வந்து போனால் அது மேலே சொன்ன வோல்டேஜ் விழும் பழுதின் தொடக்கம். சுமை ஏறியதும் வோல்டேஜ் விழுகிறது, பிளேயர் விட்டுவிடுகிறது, விட்டதும் வோல்டேஜ் எழும்புகிறது, பிளேயர் மறுபடி பிடிக்கிறது. செல்லையும் ஸ்பிரிங்கையும் பாருங்கள். வெளிப்பக்கம் 470 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று போட்டால் பிளேயர் பிடிக்கும் அந்த முதல் உதறலைத் தாங்கும்.

நிமிடக் கணக்கில் நின்று நின்று ஏறினால் அது சூடு.

ஐ.சி. தொட முடியாமல் சுடுகிறது

7805 மிச்ச வோல்டேஜை எல்லாம் சூடாக மாற்றித்தான் இறக்கும். 12.6 வோல்ட் பேட்டரியில் 7.6 வோல்ட் மிச்சம். அரை ஆம்பியருக்கு 3.8 வாட் சூடு. டிராக்டர் ஓடிக்கொண்டிருந்தால் பேட்டரியில் 14 பக்கம் நிற்கும், அப்போது நாலரை வாட். வெறும் ஐ.சி. ஒரு வாட்டுக்கு ஏறக்குறைய 65 டிகிரி ஏறும். சித்திரை வெயிலில் மோட்டார் கொட்டகைக்குள் அது எங்கே போய் நிற்கும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம். உள்ளே இருக்கும் பாதுகாப்பு அதை அணைத்துவிடும், ஆறியதும் மறுபடி எழும்பும்.

உள்ளங்கை அகல அலுமினியத் தகட்டை ஐ.சி.யின் முதுகில் திருகி வையுங்கள். பழைய டிவியிலிருந்து கழற்றிய ஹீட் சிங்க் இருந்தால் இன்னும் நல்லது. அதோடு 7805க்கு முன்னால் 6.8 ஓம், 5 வாட் சிமெண்ட் ரெசிஸ்டர் ஒன்றைத் தொடரில் போடுங்கள். அரை ஆம்பியரில் அது 3.4 வோல்ட்டை எடுத்துக்கொள்ளும். சூட்டில் பாதி அங்கே போய்விடும், ஐ.சி. இரண்டு வாட்டோடு நிம்மதியாக இருக்கும். 12 வோல்ட் பேட்டரிக்குத்தான் இந்த யோசனை, 9 வோல்ட்டில் செய்யாதீர்கள்.

12 வோல்ட் பேட்டரியில் தொடும் எந்த வயரிலும், பேட்டரி முனைக்கு ஒட்டியே 1 ஆம்பியர் ஃபியூஸ் இருக்க வேண்டும். டிராக்டர் பேட்டரி ஷார்ட் ஆனால் வயர் சிவக்கும், பக்கத்தில் வைக்கோல் இருக்கும். இதில் மட்டும் சமாதானம் செய்துகொள்ளாதீர்கள்.

பூஸ்ட் போர்டு சுடுவது அரிது. சுட்டால் கேபிளில் ஷார்ட், அல்லது செல் மிகவும் இறங்கிப்போய் அதிகம் இழுக்கிறது.

செல் சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது

இது பழுதா, கணக்கா என்று பார்க்க வேண்டும். பிளேயருக்குள் 600 மில்லியாம்பியர் மணி பேட்டரி என்று வைத்துக்கொள்வோம். 5 வோல்ட்டில் அதை நிரப்ப 3 வாட் மணி வேண்டும். 2000 மில்லியாம்பியர் மணி ரீசார்ஜ் செல் மூன்று சேர்ந்தால் 7.2 வாட் மணி. போர்டில் வீணாவது போக 6. இரண்டு தடவை நிரம்பும். அவ்வளவு வந்தால் சார்ஜர் நன்றாக இருக்கிறது.

9 வோல்ட் பேட்டரியும் 7805ம் சேர்ந்தால் ஒரு தடவைகூட நிரம்பாது. 9இல் 4 வோல்ட் சூடாகவே போய்விடும். பேட்டரியின் கொள்ளளவும் சுமார் 500தான், அதுவும் மெல்ல இழுத்தால். அதனால் அந்த ஜோடியை நான் யாருக்கும் செய்து தருவதில்லை.

மாட்டாமல் வைத்திருந்தும் செல் இறங்கினால் ஸ்விட்சை அணைக்கவில்லை என்று அர்த்தம். போர்டு சும்மா இருக்கும்போதும் கொஞ்சம் குடிக்கும், டேட்டா ரெசிஸ்டர்களும் குடிக்கும்.

சார்ஜ் ஏறும்போது கேட்டால் இரைச்சல்

சார்ஜ் போட்டுக்கொண்டே கேட்பவர்களுக்குத்தான் இது. மெல்லிய சீழ்க்கை மாதிரி, அல்லது கொசு மாதிரி ஒரு சத்தம். நாகஸ்வரத்தில் ஒத்து (விடாமல் சுருதி பிடிக்கும் குழல்) ஊதிக்கொண்டிருக்கும்போது இது தெரியாது, ஒத்துக்கு அடியில் ஒளிந்துகொள்ளும். ஆலாபனையில் வாசிப்பவர் மூச்சு வாங்கும் அந்த இடைவெளியில் கேளுங்கள். பெரியப்பாதான் அதை முதலில் கண்டுபிடித்தார். "தோடியில இல்லாத ஒரு ஸ்வரம் கூடவே வருதேப்பா" என்றார். எனக்கு இரண்டு நாள் கழித்துத்தான் காதில் விழுந்தது.

பூஸ்ட் போர்டு விநாடிக்கு 12 லட்சம் தடவை கரண்டை வெட்டி வெட்டித்தான் வோல்டேஜை ஏற்றுகிறது. அது நேரடியாகக் காதுக்குக் கேட்காது. ஆனால் சுமை குறையும்போது போர்டு விட்டு விட்டு வேலை செய்யும். அந்த விட்டு விட்டு வரும் துடிப்பு காதுக்குள் வந்துவிடும். பிளேயர் நிரம்பும் கட்டத்தில் சத்தம் அதிகமாவது இதனால்தான்.

சத்தம் போர்டிலிருந்தா வேறெங்கிருந்தாவதா என்று அறிய ஒரு பழைய மீடியம் வேவ் ரேடியோ போதும். திருச்சி நிலையத்துக்கு முள்ளை வைக்கும் 936ஐத் தாண்டி, 1200 கிலோஹெர்ட்ஸ் (அதே 12 லட்சம்) பக்கம், நிலையம் இல்லாத இடத்தில் நிறுத்துங்கள். சார்ஜரைப் பக்கத்தில் கொண்டுவாருங்கள். போர்டு ஓடினால் அந்த இடத்தில் சரசரவென்று கேட்கும், விலக்கினால் குறையும். எந்த வயர் பக்கத்தில் சத்தம் அதிகமோ அந்த வயர்தான் ஏரியலாக வேலை செய்கிறது. போர்டுக்கும் செல்லுக்கும் நடுவே நீண்டு தொங்கும் வயர்தான் பெரும்பாலும் அது.

அந்த வயரை விரல் நீளத்துக்கு வெட்டிச் சுருக்குங்கள், பிளஸையும் மைனஸையும் முறுக்கி விடுங்கள். போர்டின் உள்பக்கமும் வெளிப்பக்கமும் 100 மைக்ரோஃபாரட்டும் அதோடு 0.1 மைக்ரோஃபாரட் செராமிக்கும் வையுங்கள். கேபிளை ஃபெரைட் வளையத்தில் நாலைந்து சுற்று சுற்றினால் மிச்சமும் அடங்கும். பழைய மானிட்டர் கேபிளின் முனையில் உருளையாக இருப்பது அந்த வளையம்தான்.

டிராக்டர் பேட்டரியிலேயே ஆம்ப்ளிஃபையரும் ஓடி, அதே பேட்டரியில் பிளேயரும் சார்ஜ் ஏறி, பாட்டும் அந்த ஆம்ப்ளிஃபையரில் கேட்டால், வரும் இரைச்சலுக்கு இந்த வைத்தியம் எதுவும் பலிக்காது. கிரவுண்ட் இரண்டு வழியாகச் சுற்றி வருவதுதான் காரணம். திருவிழாவில் ஸ்பீக்கர் கட்டும் தம்பி ஒருவர் ஆம்ப்ளிஃபையரையே மாற்றப் போனார். பிளேயரை மட்டும் தனியாக மூன்று செல் சார்ஜரில் போடச் சொன்னேன். சத்தம் அந்த நிமிடமே நின்றது.

மழைக்காலத்தில் மட்டும் படுத்துவிடுகிறது

ஐப்பசி, கார்த்திகையில் நம் பக்கம் எந்த உலோகமும் சும்மா இருக்காது. வேதாரண்யம் பக்கம் உப்புக்காற்றும் சேர்ந்துகொள்ளும். ஸ்பிரிங்கிலும் ஈயம் வைத்த இடத்திலும் பச்சைக் களிம்பு பிடிக்கும். ஓடும் நிலையில் நாலு இடத்து அளவை மறுபடி எடுங்கள். கோடையில் 0.05 விழுந்த இடத்தில் இப்போது 0.3 விழும்.

பச்சைக் களிம்பை பென்சில் அழிப்பானால் தேய்த்து எடுங்கள். உப்புத்தாளால் தேய்த்தால் மேல்பூச்சு போய்விடும், அடுத்த மழைக்கு இன்னும் வேகமாகப் பிடிக்கும். ஆல்கலைன் செல் கசிந்து வெள்ளையாகப் பூத்திருந்தால் கையால் தொடாதீர்கள். காதுக் குச்சியில் எலுமிச்சைச் சாற்றைத் தொட்டு வையுங்கள், லேசாகப் பொங்கும். பொங்குவது நின்றதும் ஈரத்துணியால் துடைத்து, நாள் முழுக்கக் காயவிடுங்கள். காயாமல் செல் போட்டால் அந்த ஈரமே அடுத்த களிம்புக்கு வழி செய்யும்.

நான் சோப்பு டப்பாவில்தான் சார்ஜரை அடைக்கிறேன். அடியில் இருக்கும் ஓட்டைகளை மூடுவதில்லை. மூடினால் உள்ளே வேர்க்கும். ஸ்பிரிங்கின் முனைகளில் வாஸ்லின் ஒரு பூச்சு, போர்டின் இருபக்கமும் நகப்பூச்சு ஒரு பூச்சு, திருகையும் வயர் சேரும் இடங்களையும் விட்டுவிட்டு. சீசன் முடியும்வரை செல்லை உள்ளே விட்டுவைக்காமல் தனியாக ஒரு காகிதத்தில் சுற்றி டப்பாவோடு கட்டிவைப்பது பெரியப்பாவின் வழக்கம். அவருடைய சார்ஜரில் அந்தச் செம்பு வயர் போட்ட ஸ்பிரிங்தான் இன்னும் இருக்கிறது.